மூன்றாம் பருவத்திலேயே சொல்லிவிடுங்கள்: கலை அறிவியல் கல்லூரித் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசு மற்றும் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். உங்கள் துறை வழங்கும் பட்டம் எந்தெந்த வேலைகளுக்குத் தகுதியாகிறது, எவற்றுக்கு ஆகாது, ஆகாதவற்றுக்கு இன்னும் என்ன படித்தால் ஆகும் என்பதை ஆதாரத்தோடு தேடித் தொகுத்து, இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே, அதாவது மூன்றாம் பருவத்திலேயே, மாணவர் கையில் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அப்படித் தேடும் முறையை அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். இது வேலைவாய்ப்புப் பிரிவின் பொறுப்பு என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்தப் பிரிவால் இதைச் செய்ய முடியாது, துறையால் மட்டுமே முடியும் என்பது என் கருத்து.

நான் ஒரு வேதியியல் பட்டதாரி. திருப்பூர் வட்டாரத்தில் சாயக்கழிவு நீரையும் குடிநீரையும் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். புதிதாக வருபவர்களை நேர்காணல் செய்வதும் என் பொறுப்புகளில் ஒன்று. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன் பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத வகையில் சுத்திகரிக்கும் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறைக்கு இத்தொழில் மாறியதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த மாற்றத்தோடு இந்த ஊரில் வேதியியல் படித்தவர்களுக்கான வேலையும் பெருகியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்பின் அளவையும், நீரின் மாசைக் காட்டும் சி.ஓ.டி. என்ற அளவையும் நாள்தோறும் பார்ப்பவர், சாயப்பட்டறை லேப்பில் வாடிக்கையாளர் கேட்ட நிறத்தைத் துல்லியமாகக் கொண்டுவருபவர், ஏற்றுமதித் துணியில் தடைசெய்யப்பட்ட சாயங்கள் இருக்கின்றனவா என்று பகுத்துப் பார்ப்பவர் என இங்கே வேதியியலை நம்பி நடக்கும் வேலைகள் பல. இந்த வேலையைப் பற்றி எப்படித் தெரியவந்தது என்று நேர்காணலுக்கு வருபவர்களிடம் கேட்பது என் வழக்கம். மாமா சொன்னார், பக்கத்து வீட்டு அண்ணன் இங்கே இருக்கிறார், வேறொரு வேலைக்காக வந்த இடத்தில் பலகையைப் பார்த்தேன் என்றெல்லாம் பதில் வரும். எங்கள் துறையில் சொன்னார்கள் என்ற பதில் மிக அரிது.

அதே பிள்ளைகள் மூன்று ஆண்டுகளும் குரூப் 4 தேர்வைப் பற்றிக் கேட்டபடியே இருந்திருக்கிறார்கள். அந்தத் தேர்வை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிராம நிர்வாக அலுவலராகவோ இளநிலை உதவியாளராகவோ ஆவது ஒரு குடும்பத்தையே நிமிர்த்திவிடும். ஆனால் அதற்கு வேண்டிய கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களோ பெரும்பாலும் ‘ஏதேனும் ஒரு பட்டம்’ கேட்பவை. வங்கியின் விற்பனைப் பிரிவு, காப்பீடு, அழைப்பு மையம் ஆகியவற்றுக்குத் தமிழ் படித்தவரும் இயற்பியல் படித்தவரும் ஒன்றே. வேலைவாய்ப்புப் பிரிவு கல்லூரி முழுவதற்கும் பொதுவானது என்பதால், எல்லோருக்கும் பொருந்தும் வேலையைத் தேடுவதுதான் அதன் இயல்பு. ஒரு பாடத்துக்கு மட்டும் பொருந்தும் வேலையை அடையாளம் காண அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். இளநிலைச் செய்முறை வகுப்பில் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவிடும் டைட்ரேஷனும், குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இன்படி நீரின் கடினத்தன்மையைப் பார்க்க நாங்கள் செய்யும் டைட்ரேஷனும் ஒன்றுதான் என்பதை வேதியியல் ஆசிரியரைத் தவிர வேறு யார் அந்த மாணவியிடம் சொல்ல முடியும்?

ஏன் மூன்றாம் பருவம் என்று கேட்பீர்கள். தகுதி விதிகள் நாம் நினைப்பதைவிட நுணுக்கமானவை; அவற்றை இறுதிப் பருவத்தில் படிப்பவருக்குத் திருத்திக்கொள்ள நேரம் இருப்பதில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் குறித்த 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பவியல் ஆகியவற்றில் இளநிலைப் பட்டம் பெற்றவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். வேதியியல் படித்தவருக்கோ முதுநிலைப் பட்டம் வேண்டும். ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த ஆய்வகங்களில் படிக்கும் இருவரில் ஒருவருக்கு மூன்றாண்டில் திறக்கும் கதவு மற்றவருக்கு ஐந்தாண்டில்தான் திறக்கிறது. மருந்து ஆய்வாளர் பணி இன்னும் கறாரானது. மருந்தியல் பட்டமோ, குறிப்பிட்ட சிறப்புப் பிரிவுடன் மருத்துவப் பட்டமோ இல்லாமல் அதன் பக்கமே போக முடியாது. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினாலும் பயனில்லை. ஆனால் அதே மருந்துத் துறையின் தொழிற்சாலைகளில், ஆலத்தூர் தொழிற்பேட்டையிலும் பிற இடங்களிலும், தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் வேதியியல் பட்டதாரிகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். மருந்து என்றதும் ஆய்வாளர் பதவியை மட்டும் நினைத்துவிட்டு, அது கிடைக்காது என்று தெரிந்ததும் அந்தத் துறையையே விட்டு விலகியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வயது வரம்பு இதற்கு நேரெதிரான பக்கத்திலிருந்து நெருக்குகிறது. பொதுவாக நம் வீடுகளில், முதுநிலை முடித்து, பி.எட். முடித்து, அதன் பிறகு வேலை தேடினால் போதும் என்ற எண்ணம் இருக்கிறது. அணுசக்தித் துறையைச் சேர்ந்த நிறுவனங்கள் அறிவியல் பட்டதாரிகளை ஊக்கத்தொகையுடன் கூடிய பயிற்சியாளர்களாக எடுத்து, பயிற்சிக்குப் பின் பணியில் அமர்த்துகின்றன. அதற்கு இளநிலை வேதியியலோ இயற்பியலோ 60 விழுக்காடு மதிப்பெண்ணுடன் போதும். பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 24 அல்லது 25 என்ற அளவில்தான் இருக்கும். முதுநிலையும் பி.எட்.டும் முடித்து நிமிரும்போது அந்த வயது கடந்துவிடுகிறது. கூடுதலாகப் படித்ததே வாய்ப்பை இழக்கக் காரணமாவதை யாரும் இரண்டாம் ஆண்டில் எடுத்துச் சொல்லாததால், கல்பாக்கத்துக்குச் சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் கல்லூரிகளில்கூட இந்தத் தேர்வைப் பற்றிக் கேள்விப்படாமலேயே படிப்பை முடித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

துணைப்பாடம் என்ற ஒன்றை நாம் அலட்சியமாகவே கருதி வந்திருக்கிறோம். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் ஒருங்கிணைந்த பட்டதாரித் தேர்வில் புள்ளியியல் ஆய்வாளர் பதவிக்குப் புள்ளியியலை மூன்று ஆண்டுகளும், அல்லது ஆறு பருவங்களும், ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கணிதத்தை முதன்மைப் பாடமாகவும் புள்ளியியலை ஓராண்டுத் துணைப்பாடமாகவும் படித்தவர் அதற்குத் தகுதி பெறமாட்டார். அதே தேர்வின் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவிக்கோ, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 60 விழுக்காடு எடுத்த எந்தப் பட்டதாரியும் போட்டியிடலாம். வரலாறு படிக்கும் மாணவிகூட, மேல்நிலையில் கணிதம் படித்து அந்த மதிப்பெண்ணை வாங்கியிருந்தால் போதும். இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்ததா என்று மட்டுமே கேட்கிறது. பெயரளவில் ஒன்றுபோலத் தோன்றும் மூன்று பதவிகளுக்கு மூன்று விதமான கதவுகள். இவற்றைப் பிரித்தறிய அறிவிக்கையின் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படிக்கும் பொறுமை வேண்டும்; அந்தப் பொறுமை பயிற்சியால்தான் வரும்.

பட்டத்தின் பெயரைப் பற்றி உங்களிடம் சற்று வருத்தத்தோடே பேச வேண்டியிருக்கிறது. கடந்த பல ஆண்டுகளில் பாடங்களின் பெயர்களைக் காலத்துக்கேற்ப மாற்றுவது வழக்கமாகிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ச் சில கல்லூரிகளில் தாவரவியல் என்ற பட்டமே ‘தாவர உயிரியலும் தாவர உயிர்த்தொழில்நுட்பவியலும்’ என்ற பெயரில் வழங்கப்படுகிறது. பாடம் விரிவடைந்ததால் பெயரும் விரிந்தது என்பதில் நியாயம் உண்டு. ஆனால் அறிவிக்கையில் தாவரவியல் என்று அச்சிடப்பட்டிருக்கும்போது, வேறு பெயர் கொண்ட பட்டத்தை வைத்திருப்பவர் அது தாவரவியலுக்கு இணையானது என்று காட்டும் இணைத்தன்மை அரசாணையைக் காட்ட வேண்டும். அந்த அரசாணையும் தேர்வாணையம் அறிவிக்கை வெளியிட்ட நாளுக்குள் பிறப்பிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தேர்வில் வென்று, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போன இடத்தில் இதனால் திரும்பி வந்தவர்களின் கதை ஒவ்வொரு வட்டாரத்திலும் உண்டு. பாடத்திட்டக் குழுவில் ஒரு புதிய பெயருக்குக் கையெழுத்திடும் அதே நாளில், அந்தப் பெயருக்கு இணைத்தன்மை கோரும் விண்ணப்பத்தையும் அனுப்பும் கடமை துறைக்கு இல்லையா? ஏற்கெனவே அரசாணை இருந்தால் அதன் எண்ணையும் நாளையும் துறையின் அறிவிப்புப் பலகையில் நிலையாக எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்பதையும், தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமை 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்தவர்களுக்கே கிடைக்கும் என்பதையும் அந்தப் பலகையிலேயே சேர்த்துவிடலாம்.

எல்லாப் பாடங்களைப் பற்றியும் எனக்குத் தெரியாது, தெரிந்தவரை சொல்கிறேன். தாவரவியல், விலங்கியல், நிலவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல் படித்தவர்கள் இந்திய வனப்பணித் தேர்வை எழுதலாம். கலைப்பாடப் பட்டதாரிகளுக்கு அந்தத் தகுதி இல்லை. குடிமைப்பணிக்கும் அதற்கும் முதல்நிலைத் தேர்வு 2013 முதல் ஒன்றே. போட்டியாளர்கள் ஏராளம் என்றாலும், ஐ.ஏ.எஸ். கனவோடு பயிற்சி மையத்துக்குப் போகும் தாவரவியல் மாணவருக்கு விண்ணப்பத்திலேயே வனப்பணியையும் குறிப்பிடலாம் என்று சொல்லியாக வேண்டும். இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும், வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனமும் கோயம்புத்தூரிலேயே இருக்கின்றன; ஒரு கல்விச் சுற்றுலாவை ஊட்டியிலிருந்து அங்கே திருப்பிவிட்டால் போதும். வரலாற்று மாணவர்களுக்கு மாநிலத் தொல்லியல் துறை தொல்லியலிலும் கல்வெட்டியலிலும் முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு வேர் 1849-இல் சென்னையில் அமைந்த இரசாயனப் பரிசோதகர் அலுவலகம். இன்றும் அங்கே வேதியியல் முதுநிலை படித்தவர்களுக்கு இடம் உண்டு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்கள்தோறும் நீர்ப்பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. இவை எல்லாம் அரசுப் பணிகள். இவற்றில் இடங்கள் குறைவு, அறிவிக்கைகள் ஆண்டுதோறும் வருவதும் இல்லை. இந்த உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பொய் நம்பிக்கையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தவர்களாகிவிடுவோம். வனப்பணிக்கு 2022 முதல் 2024 வரையிலான தேர்வுகளில் நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 பேர்தான் எடுக்கப்பட்டார்கள் என்பது மாணவர் கையில் தரும் அந்தத் தொகுப்பில் இருக்கட்டும்.

தனியார் வேலைகளைப் பற்றியும் அதே நேர்மை வேண்டும். ஆய்வக வேலையின் தொடக்கச் சம்பளம் குறைவு. பல இடங்களில் இரவு ஷிஃப்ட் உண்டு. தொழிற்பேட்டைகள் பேருந்து வசதி குறைந்த ஊரோரங்களில் இருக்கின்றன. இவற்றை மறைத்து அழைத்து வந்தால் மூன்று மாதத்தில் திரும்பிப் போய்விடுவார்கள். ஆனால் மூன்று, நான்கு ஆண்டு கருவி அனுபவம், குறிப்பாக எச்.பி.எல்.சி., அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்றவற்றில் தனியே நின்று வேலை செய்த அனுபவம் உள்ளவரை எந்த ஆய்வகமும் எளிதில் விடுவதில்லை என்பதும் உண்மை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தின்படி நடப்பவை. அங்கே ஒவ்வொரு பரிசோதனைக்கும் தகுதியான ஆள் யார் என்று பெயர் குறித்து வைத்தாக வேண்டும். பகல் ஷிஃப்ட் மட்டுமே உள்ள ஆய்வகங்களும் இருக்கின்றன. பெண்பிள்ளைகளின் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். எவை அவை என்ற விவரம் உள்ளூரில் விசாரித்தால் ஒரே வாரத்தில் கிடைத்துவிடும்.

விசாரிப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தரவே இதற்கு முதல் ஆதாரம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான ‘நாக்’ மதிப்பீட்டுக்காக, படித்து முடித்தவர்கள் மேற்படிப்புக்குச் சென்றார்களா, வேலைக்குச் சென்றார்களா என்ற விவரத்தை ஒவ்வொரு துறையும் திரட்டுகிறது. மதிப்பீட்டுக் குழு வந்து போனதும் அந்தக் கோப்பு அலமாரிக்குள் போய்விடுகிறது. உங்கள் துறையில் ஐந்தாண்டுக்கு முன் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதைவிட, இன்று படிப்பவருக்கு நம்பத்தகுந்த வழிகாட்டி வேறு இல்லை. பெயர்களை நீக்கிவிட்டு, எந்த வேலை, எந்த ஊர், அதற்கு முன் கூடுதலாக என்ன படித்தார் என்ற அளவில் அதை வெளியிடுங்கள். வேலையே கிடைக்காதவர்களையும், பாடத்துக்குத் தொடர்பில்லாத வேலைக்குப் போனவர்களையும் விட்டுவிடாமல் சேருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அவர்கள் கூட்டத்துக்கு வந்து, தேநீர் குடித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போவதோடு நில்லாமல், இந்தப் பட்டதாரியை உங்கள் நிறுவனம் எந்த வேலைக்கு எடுக்கும், எடுக்காவிட்டால் ஏன் என்று எழுத்தில் பதில் தரச் சொல்லுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தை நம்மில் பலர் பதிவு செய்யும் அலுவலகமாக மட்டுமே பார்க்கிறோம். தொழில்நெறி வழிகாட்டுதல் அதன் பெயரிலேயே இருக்கிறது. அழைத்தால் அலுவலர்கள் வருவார்கள். தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில், தொழிற்பழகுநர் சட்டத்தின் 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு. தென்மண்டலத்துக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. ஓராண்டு ஊக்கத்தொகையோடு ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளும் இந்த வழி பொறியியல் கல்லூரிகளில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, நம் கல்லூரிகளில் பெரும்பாலும் தெரியவில்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தை நான் மறக்கவில்லை. அதன் மூலம் ஆங்கிலப் பேச்சும் கணினித் திறனும் கிராமப்புறக் கல்லூரிகளை எட்டியிருப்பதை நேர்காணல்களில் காண்கிறேன். ஆயினும் அது திறன்களைச் சேர்க்கும் திட்டம். விலங்கியல் படித்தவருக்கு இறால் பண்ணையின் நீர்ப்பரிசோதனைக் கூடத்தில் என்ன வேலை இருக்கிறது என்பதை அத்திட்டம் சொல்லும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

இதற்கு ஆள் எங்கே என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியத்தில் வகுப்புகளைச் சுமந்துகொண்டிருக்கும் துறைகளில் இன்னொரு வேலையைத் தூக்கி வைப்பது கொடுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே தேடும் வேலையை மாணவர்களிடமே ஒப்படையுங்கள் என்கிறேன். மூன்றாம் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளட்டும். அதன் கடைசி அறிவிக்கையையோ விளம்பரத்தையோ மூலத்திலேயே படிக்கட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் சுருக்கமோ பயிற்சி மையத்தின் துண்டறிக்கையோ கணக்கில் சேராது. தகுதி, துணைப்பாட நிபந்தனை, வயது, இடங்களின் எண்ணிக்கை, கடைசியாக அறிவிப்பு வந்த ஆண்டு ஆகியவற்றை எழுதட்டும். அந்த வேலையில் இருக்கும் ஒருவரையாவது சந்தித்தோ தொலைபேசியிலோ பேசி, ஒரு நாள் முழுக்க அவர் என்ன செய்கிறார் என்று கேட்டு எழுதட்டும். ஆசிரியர் செய்ய வேண்டியது சரிபார்ப்பதும் அகமதிப்பீட்டில் மதிப்பெண் தருவதும்தான். ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் ஐம்பது வேலைகளின் விவரம் சேரும். அடுத்த ஆண்டு வருபவர்கள் அதைத் திருத்திப் புதுப்பிப்பார்கள்.

கல்லூரி என்பது அறிவுக்கான இடம், வேலைக்கு ஆள் பிடிக்கும் முகவர் நிலையம் அல்ல என்று மூத்த பேராசிரியர்கள் சிலர் சொல்வதுண்டு. நானும் அதை நம்புகிறவன்தான். எனக்கு வேதியியல் பிடித்ததற்குக் காரணம் வேலை அல்ல. ஆனால் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண், தான் படிக்கும் பாடத்தை வைத்து உலகில் யாராவது எங்காவது பிழைக்கிறார்களா என்று தெரியாமல் மூன்றாண்டு படிப்பது அறிவுக்கும் நல்லதல்ல. எதற்கும் உதவாது என்று நம்பிவிட்ட பாடத்தை யாரும் ஊன்றிப் படிப்பதில்லை. செய்முறைப் பதிவேட்டை அக்காவிடமிருந்து பார்த்து எழுதிவிட்டு, நூலகத்தில் போட்டித் தேர்வு வினாவிடைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் மாணவர்களை நீங்களே நாள்தோறும் பார்க்கிறீர்கள்.

வரும் கல்வியாண்டின் சேர்க்கைக் கையேட்டில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, உங்கள் பட்டம் இன்றைய விதிகளின்படி எவற்றுக்குத் தகுதி, எவற்றுக்கு இல்லை, பட்டத்தின் பெயருக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா, கடந்த ஐந்தாண்டுகளில் முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். திருப்பூர், ஈரோடு, கோயம்புத்தூர் மாவட்டங்களின் வேதியியல், நுண்ணுயிரியல் துறைகள் தம் இரண்டாம் ஆண்டு மாணவர்களை எங்களைப் போன்ற ஆய்வகங்களுக்கு ஒரு நாள் அனுப்ப விரும்பினால், முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதினால் போதும். மாதிரி நீரைச் சேகரிப்பதிலிருந்து அறிக்கையில் கையெழுத்தாவது வரை எல்லாவற்றையும் உடனிருந்து பார்க்க ஏற்பாடு செய்கிறோம். எங்கள் ஆய்வகப் பணியாளர்களிடம் சம்பளத்தைப் பற்றி மாணவர்கள் நேரடியாகவே கேட்கலாம்.

இப்படிக்கு,
திருப்பூர் வட்டார ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் வேதியியல் பட்டதாரி